டயஃப்ரம் சுவர் ஒழுகும் இடம்: பேனல் இணைப்புகளைப் பலப்படுத்துவது எப்படி

குறுகிய ஆழக் குழி தோண்டி, அது சரியாமலிருக்க பென்டோனைட் என்ற களிமண் குழம்பை நிரப்பி, அதற்குள் கான்கிரீட் வார்த்து, பேனல் என்ற துண்டு துண்டாகக் கட்டுவதே டயஃப்ரம் சுவர். ஆழமான பள்ளத்தைச் சுற்றிக் கட்டிய டயஃப்ரம் சுவர் ஒழுகுகிறது என்றால், பெரும்பாலும் ஒழுகுவது சுவர் அல்ல, இரண்டு பேனல்கள் சேரும் இடம். 800 மி.மீ. தடிமனுள்ள நல்ல கான்கிரீட்டை ஊடுருவித் தண்ணீர் வருவது அரிது. ஆனால் ஐந்து ஆறு மீட்டருக்கு ஒன்றாக, மேலிருந்து அடிவரை ஒரு செங்குத்துக் கோடு ஓடுகிறது. அந்தக் கோட்டில் புதுக் கான்கிரீட் பழைய கான்கிரீட்டோடு நேராகச் சேர்வதில்லை. நடுவில் பென்டோனைட் படிந்த ஒரு தோல் இருக்கிறது. அந்தத் தோல் தாள் அளவு மெல்லியதாக இருந்தால் ஈரக்கசிவோடு போகும். கைப்பிடி அளவு சேறாக இருந்தால், பள்ளம் இறங்க இறங்க வெளிநீரின் அழுத்தம் அதைப் பிதுக்கித் தள்ளிவிடும்.

நீர்மட்டத்துக்குக் கீழே ஒவ்வொரு மீட்டருக்கும் 10 கிலோபாஸ்கல் அழுத்தம் கூடும். 20 மீட்டரில் அது சதுர மீட்டருக்குச் சுமார் 20 டன். அந்த ஆழத்தில் 5 செ.மீ. சதுர ஓட்டை ஒன்று திறந்து, வெளியே நீர் தடையின்றிக் கிடைத்தால், விநாடிக்கு ஏறத்தாழ 30 லிட்டர் உள்ளே பாயும். மண் கொஞ்சம் தடுக்கும் என்பது உண்மைதான், ஆனால் மணற்பாங்கான இடத்தில் தடுக்க வேண்டிய மண்ணே நீரோடு சேர்ந்து உள்ளே வந்துவிடும். தெளிந்த நீரை பம்பு வைத்துச் சமாளிக்கலாம். மணல் வரத் தொடங்கினால் சுவருக்கு வெளியே நிலத்தடியில் குழி விழுகிறது என்று பொருள்.

2008 ஜூனிலும் செப்டம்பரிலும் ஆம்ஸ்டர்டாமின் வடக்கு–தெற்கு மெட்ரோவுக்காக வைசல்கிராக்ட் நிலையத்தைத் தோண்டியபோது இதுதான் நடந்தது. இணைப்பு வழியாக மணலும் நீரும் வந்து, பக்கத்துப் பழைய வீடுகள் கீழே அமர்ந்தன. 2009 மார்ச் 3 அன்று ஜெர்மனியின் கொலோன் நகர ஆவணக் காப்பகம் இடிந்து இருவர் இறந்தார்கள். அருகில் இருந்த மெட்ரோ பள்ளத்தின் டயஃப்ரம் சுவர்தான் விசாரணையின் மையமாக இருந்தது. பேனல் தோண்டும்போது அகற்றாமல் விட்ட ஒரு கல், அதனால் கான்கிரீட் போய்ச் சேராமல் மண்ணாகவே நின்ற ஓர் இடம்.

இணைப்பின் தரம் குழியில் குழம்பு நிற்கும்போதே முடிவாகிவிடுகிறது. பிறகு செய்யும் எதுவும் அதற்கு அடுத்தபடிதான். ஆகவே முதலில் அந்தக் கட்டம்.

பேனலின் முனையை வடிவமைக்க, கான்கிரீட்டை அங்கே நிறுத்தும் ஸ்டாப் எண்ட் என்ற தடுப்பை வைக்கிறோம். வட்டக் குழாய் வகை மலிவு, எளிது. ஆனால் உருவும் நேரம்தான் அதன் உயிர்நாடி. அடியில் முதலில் இறங்கிய கான்கிரீட் இறுகத் தொடங்கும் நேரத்தில் குழாயைச் சில சென்டிமீட்டர் அசைத்து, பிறகு கான்கிரீட் இறுகும் வேகத்துக்கு ஏற்பக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற வேண்டும். முந்தினால் முனை சரிந்து, அடுத்த பேனலின் பக்கம் கான்கிரீட் வழியும். பிந்தினால் குழாய் சிக்கிக்கொள்ளும், பிடுங்கும்போது முனையும் உடைந்து வரும். எந்த லாரி எந்த ஆழத்தை நிரப்பியது என்று எழுதிவைத்து, ஒவ்வொரு லாரியிலிருந்தும் ஒரு வாளிக் கான்கிரீட்டை ஓரமாக வைத்து இறுகுவதைப் பார்ப்பது ஊகத்தைவிட ஆயிரம் மடங்கு மேல்.

தட்டையான ஸ்டாப் எண்டில் பி.வி.சி. வாட்டர் ஸ்டாப் பட்டையைச் செருகும் முறை இதைவிடப் பாதுகாப்பானது. அந்த எஃகுத் தகடு அடுத்த பேனலைத் தோண்டி முடிக்கும்வரை அதே இடத்தில் நிற்கும். மண்ணை அள்ளும் வாளியான கிராப்பின் பல் கான்கிரீட்டைத் தொடாது, தகடே கிராப்புக்கு வழிகாட்டியாகவும் இருக்கும். தோண்டிய பிறகு பக்கவாட்டில் உரித்தெடுத்தால், பட்டையின் ஒரு பாதி பழைய பேனலுக்குள்ளும் மறு பாதி புதுக் குழிக்குள் நீட்டிக்கொண்டும் இருக்கும். பட்டை நடுவில் ஒட்டுப்போடாத ஒரே நீளமாக, பள்ளத்தின் இறுதி அடிமட்டத்துக்குக் கீழேவரை போக வேண்டும்.

ஐ அல்லது எச் வடிவ எஃகு உத்திரத்தை முனையிலேயே விட்டுவிடும் முறையில் சிக்கல் வேறு. உத்திரத்தின் விளிம்புக்கும் குழிச் சுவருக்கும் இடையே கான்கிரீட் நழுவி மறுபக்கம் போய் இறுகிவிடும். இதைத் தடுக்க விளிம்பின் இருபுறமும் மெல்லிய இரும்புத் தகடு அல்லது தடித்த துணி கட்டி, மறுபக்கக் காலியிடத்தை மணல் மூட்டை அல்லது சரளையால் நிரப்புவார்கள். நிரப்பாமல் விட்டால், அடுத்த பேனலுக்கு முன் அந்த இறுகிய கான்கிரீட்டைக் கனமான உளியால் உடைத்து எடுக்க வேண்டி வரும். உத்திரத்தின் மூலையில் அதில் கொஞ்சம் மிஞ்சினாலும் அதன் பின்னால் சேறு தங்கும். சுழலும் பற்சக்கரங்களால் அரைத்துத் தோண்டும் ஹைட்ரோமில் இயந்திரம் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலைகளே இல்லை. இரு பக்கப் பழைய பேனல்களின் முனையையும் 200, 300 மி.மீ. அளவு சீவிக்கொண்டே இறங்கும். சொரசொரப்பான புது முகம் கிடைக்கும்.

எந்த வகையானாலும் துலக்குவதைத் தவிர்க்க முடியாது. இதைத்தான் தளத்தில் அதிகம் குறுக்குகிறார்கள். இணைப்பின் வடிவத்துக்கேற்ப வளைத்த சட்டத்தில் கம்பித் தூரிகை பொருத்தி, கிராப்பிலோ கனமான சட்டத்திலோ மாட்டி, பழைய முகத்தோடு ஒட்டி மேலும் கீழும் இழுக்க வேண்டும். சும்மா தொங்கவிட்டால் தூரிகை முகத்தைத் தொடாமல் குழம்புக்குள் நீந்தும். பக்கவாட்டில் அழுத்தம் வருமாறு சட்டத்தின் எடையைச் சாய்த்து வைக்க வேண்டும். இத்தனை முறை என்று எண்ணுவதைவிட, தூரிகை சேறின்றி வரும்வரை என்பதே சரியான அளவு. இருபது முறைக்குக் குறைவாக அது அமைவது அபூர்வம்.

வரிசையும் முக்கியம். தோண்டி முடித்தல், துலக்குதல், அதன் பிறகு அடி சுத்தம் செய்து குழம்பிலிருந்து மணல் பிரித்தல், பிறகு கம்பிக் கூடு இறக்குதல், கடைசியாக மறுபடி குழம்புச் சோதனை. அடியைச் சுத்தம் செய்துவிட்டுப் பிறகு துலக்கினால், உதிர்ந்த சேறு அடியில் குவிந்து, கான்கிரீட் அதைத் தூக்கிக்கொண்டு வந்து இணைப்பின் ஓரத்தில்தான் ஒதுக்கும். கான்கிரீட் போடும் முன் குழம்பின் அடர்த்தி 1.15-க்குள், குழம்பின் கெட்டித்தன்மையைக் காட்டும் மார்ஷ் புனலில் வழியும் நேரம் 32 முதல் 50 விநாடி, மணல் 4 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். மாதிரியைக் குழியின் அடியிலிருந்து எடுங்கள். மேலே எடுத்த மாதிரி எப்போதும் நல்லதாகவே இருக்கும். துலக்கிய பிறகு ஏதோ காரணத்தால் ஒரு நாள் தள்ளிப்போனால் மறுபடி துலக்க வேண்டும். நின்ற குழம்பு நின்ற இடத்திலேயே தோல் கட்டும்.

கான்கிரீட்டுக்குச் சில அளவுகள். கான்கிரீட்டின் இளக்கத்தைக் காட்டும் ஸ்லம்ப் 180 முதல் 210 மி.மீ. கான்கிரீட்டைக் குழியின் அடியிலிருந்து நிரப்பும் டிரெமி குழாயிலிருந்து அது பக்கவாட்டில் 2.5 மீட்டருக்கு மேல் நடக்கக் கூடாது. ஆகவே 6 மீட்டர் பேனலுக்கு இரண்டு குழாய், இரண்டிலும் ஒரே மட்டம். குழாயின் முனை எப்போதும் குறைந்தது 2 மீட்டர் கான்கிரீட்டுக்குள் மூழ்கியிருக்கட்டும். குழிக்குள் கான்கிரீட் மணிக்கு 3 மீட்டருக்குக் குறையாமல் ஏற வேண்டும். கம்பிக் கூட்டின் முனைக்கும் இணைப்புக்கும் இடையே குறைந்தது 100 மி.மீ. விட வேண்டும். கூடு நெருங்கிப்போனால் அந்த ஓரத்துக்குக் கான்கிரீட் பாயாது, சேறு அங்கேயே சிறைப்படும். மூலைகளில் இணைப்பு வைக்கவே கூடாது. எல் வடிவப் பேனலாக ஒரே வார்ப்பில் முடித்து, இணைப்பை நேரான பகுதிக்குத் தள்ளுங்கள்.

செங்குத்து விலகல் சத்தமில்லாமல் வரும் வினை. 200-க்கு 1 என்ற விலகல் 40 மீட்டர் ஆழத்தில் 200 மி.மீ. அடுத்தடுத்த இரு பேனல்கள் எதிரெதிர்ப் பக்கம் சாய்ந்தால் 400 மி.மீ. 800 மி.மீ. சுவரில் இணைப்பு பாதிதான் மிஞ்சும். இரண்டுமே தனித்தனியாக அனுமதிக்கப்பட்ட அளவுக்குள்தான் இருக்கும் என்பதைக் கவனியுங்கள். அதனால் குழியின் செங்குத்தை ஒலியலையால் அளந்த அல்ட்ராசானிக் பதிவுகளைப் பேனல்வாரியாகப் பார்த்து வைத்துவிடாமல், இணைப்புவாரியாக ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்க்க வேண்டும்.

சுவர் முடிந்ததும், தோண்டத் தொடங்கும் முன், எந்த இணைப்பு சந்தேகத்துக்குரியது என்று ஒரு பட்டியல் போடுங்கள். கான்கிரீட் நடுவில் நின்ற பேனல், ஸ்டாப் எண்ட் சிக்கிய முனை, குழி சரிந்து கணக்கைவிடக் கூடுதல் கான்கிரீட் குடித்த இடம், விலகல் சேர்ந்த இடம், துலக்கலைக் குறுக்கிய இடம், வாரக்கணக்கில் காத்திருந்து மூடிய கடைசிப் பேனல். அதன்பின் உள்ளே நீரைப் பம்பு செய்து இறக்கி, வெளியே நிலத்தடி நீர்மட்டத்தைக் காட்டும் பீசோமீட்டர்களைப் பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் வெளிமட்டம் இறங்கினால் அந்தப் பக்கத்து இணைப்பு பேசுகிறது.

சந்தேகப்பட்ட இணைப்பைப் பலப்படுத்தும் சரியான இடம் மண் பக்கம், சரியான நேரம் தோண்டலுக்கு முன். மணலில் இதற்கு ஜெட் கிரவுட்டிங் நல்ல வழி. 400 பார் அளவு அழுத்தத்தில் சிமென்ட் குழம்பு மண்ணை அறுத்துக் கலந்து தூணாக இறுகும். சுவர் முகத்தில் ஒட்டிய பென்டோனைட் படலத்தையும் சேர்த்தே அரித்துவிடும் என்பது கூடுதல் நன்மை. சிமென்டும் நீரும் எடையில் சமம். சுழற்றிக்கொண்டே நிமிடத்துக்கு 10 முதல் 25 செ.மீ. ஏற்றலாம், சரியான வேகத்தைச் சோதனைத் தூண் போட்டுத் தோண்டிப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். நீர்மட்டத்துக்கு ஒரு மீட்டர் மேலிருந்து, பள்ளத்தின் இறுதி அடிமட்டத்துக்கு 2, 3 மீட்டர் கீழேவரை தூண் வேண்டும்.

தூணை எங்கே வைப்பது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். 1.2 மீட்டர் விட்டத் தூணின் மையத்தைச் சுவரின் பின்முகத்திலிருந்து 400 மி.மீ. தள்ளி வைத்தால், இணைப்பின் இரு பக்கமும் சுமார் 450 மி.மீ. அளவு சுவரைத் தழுவும். வரைபடத்தில் அழகாக இருக்கும். 25 மீட்டர் ஆழத்தில் துளை 200-க்கு 1 என்று சுவரைவிட்டு விலகினால் மையம் 525 மி.மீ. தள்ளிப்போகும், தழுவல் பக்கத்துக்கு 290 மி.மீ. ஆகும். அதுவரை பரவாயில்லை. 100-க்கு 1 விலகினால் மையம் 650 மி.மீ. தூரத்தில். தூணின் ஆரம் 600 மி.மீ. தான். சுவரைத் தொடவே தொடாது. எங்கே அழுத்தம் அதிகமோ அங்கே இடைவெளி. சுவரும் உள்பக்கம் சாய்ந்திருந்தால் இன்னும் மோசம். ஆகவே ஒவ்வொரு துளையின் விலகலையும் அளந்துவிட்டுத்தான் ஜெட்டைத் திறக்க வேண்டும். 15 மீட்டருக்கு மேல் ஆழமென்றால் ஒற்றைத் தூணை நம்பாமல், சுவரை ஒட்டி இரண்டு, அவற்றுக்குப் பின்னால் நடுவில் ஒன்று என்று மூன்று வையுங்கள்.

ஜெட் ஓடும்போது மேலே கழிவுக் குழம்பு நிற்காமல் வந்துகொண்டே இருக்க வேண்டும். நின்றுவிட்டால் அடைப்பு. அழுத்தம் மண்ணைத் தூக்கும், இன்னும் முழுவலு பெறாத சுவரை உள்ளே தள்ளும். உடனே நிறுத்தித் துளையைத் திறந்துவிடுங்கள். இறுகிய களிமண்ணில் ஜெட் அறுக்காது, பெரிய கல்லுக்குப் பின்னால் நிழல் விழும். அங்கே, பக்கத் துளைகளை ரப்பர் உறை மூடிய குழாய் வழியாகச் சிமென்ட் குழம்பை மண்ணுக்குள் ஏற்றும் ஸ்லீவ் குழாய் கிரவுட்டிங் உதவலாம், ஆனால் நுண்மணலுக்குள் சாதாரண சிமென்டின் துகள் நுழையாது, மைக்ரோ சிமென்ட் வேண்டும். வைசல்கிராக்டில் மிச்ச ஆழத்துக்கு இணைப்புகளின் பின்னால் மண்ணை உறையவைத்தே இறங்கினார்கள். செலவு மிகுந்த வழி, வேறு எதையும் நம்ப முடியாத இடத்துக்கு உரியது.

தோண்டும்போது ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் என்று இறங்கி, ஒவ்வொரு தட்டிலும் இணைப்பை முதலில் சுரண்டித் திறந்து பாருங்கள். உலர்ந்த சேற்றுக் கோடு தெரிந்தால், 50 முதல் 100 மி.மீ. ஆழத்துக்கு வி வடிவில் கொத்தி, விரைவில் இறுகும் சிமென்ட் அடைத்து, அகலமான இடமென்றால் மேலே 10 மி.மீ. எஃகுத் தகட்டை ஆங்கர் போட்டு இறுக்க வேண்டும். தளத்தில் மணல் மூட்டையும் தகடும் அடுக்கித் தயாராக இருக்க வேண்டும், ஆர்டர் கொடுத்து வரவழைக்க நேரம் இருக்காது. நீர் கலங்கி மணலோடு வந்தால் அடைக்க முயலாதீர்கள். மூட்டைகளை அடுக்கி, மண்ணைத் தள்ளி நிரப்புங்கள். அதற்கும் அடங்காவிட்டால் பள்ளத்துக்குள் நீரை விட்டு வெளிமட்டத்தோடு சமன் செய்யுங்கள். நிரம்பிய பள்ளத்தை மறுபடி இறைக்கலாம்.

தெளிந்த நீர் வந்தால் முதலில் ஒரு வடிகுழாயைச் செருகி நீருக்கு வழி கொடுத்துவிட்டு, அதைச் சுற்றி அடைக்க வேண்டும். பிறகு துளை வழியாகப் பாலியூரிதேன் பிசினை ஏற்ற வேண்டும். 800 மி.மீ. சுவரில் இணைப்பிலிருந்து 400 மி.மீ. தள்ளி 45 பாகையில் துளையிட்டால், சுவரின் நடுவில் இணைப்பைச் சந்திக்கும். இடம் வலம் மாறி மாறித் துளைகள், ஏற்றுவது கீழிருந்து மேலாக. நீரோடு பொங்கும் நுரை ஓட்டத்தை நிறுத்தும், ஆனால் காலப்போக்கில் சுருங்கும். அது நின்றதும் அதே துளைகளில் நுரைக்காத பிசினை ஏற்ற வேண்டும். வடிகுழாயின் வால்வை அடித்தளப் பலகை வார்த்து இறுகிய பிறகே மூடுங்கள். மூடியபின் ஒரு நாள் முழுக்க அந்த இணைப்பின் மேற்பகுதியையும் இருபுறத்து இணைப்புகளையும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். தடுத்த நீர் அங்கேதான் வழி தேடும்.