பியெப்ஜா சதுப்பில் ஒரு மாலை

பொழுது சாயும் நேரத்தில்தான் அந்தச் சதுப்புக் குருவி நன்றாகப் பாடும் என்று சொல்லியிருந்தார்கள். ஜூன் மாதப் போலந்தில் சூரியன் மறைய ஒன்பது மணி ஆகிவிடும். நான் ஏழு மணிக்கே போய் உட்கார்ந்துவிட்டேன்.

நாட்டின் வடகிழக்கில் இருக்கிறது பியெப்ஜா. 592 சதுர கிலோமீட்டர், போலந்தின் மிகப் பெரிய தேசியப் பூங்கா. 'ஜார் சாலை' என்று இன்றும் அழைக்கப்படும் பழைய ராணுவப் பாதையிலிருந்து 400 மீட்டர் நீளத்துக்கு ஒரு பலகைப் பாதை சதுப்புக்குள் போகிறது. பலகையை விட்டு இறங்கினால் தண்ணீர். கண்ணுக்கெட்டிய தூரம்வரை கோரை. கொசுவைப் பற்றி என்ன சொல்ல, முழுக்கைச் சட்டை போட்டுப் போங்கள்.

நான் தேடிப் போனது 12 கிராம் எடையுள்ள ஒரு கதிர்க்குருவி. ஆங்கிலத்தில் அக்வாட்டிக் வார்ப்ளர், போலிஷில் வோத்னிச்கா. 'வோதா' என்றால் தண்ணீர். குளிர்காலம் முழுக்க நம் ஊர்ப் புதர்களுக்குள் 'டக்... டக்...' என்று குரல் கொடுத்துத் திரியும் பிளித் நாணல் கதிர்க்குருவிக்கு இது நெருங்கிய சொந்தம். ஆனால் இது மிக அரிது. போலந்து, பெலருஸ், உக்ரைன் சதுப்புகளை விட்டால் வேறெங்கும் பெரிய கூட்டமாக இல்லை.

எட்டரை மணி இருக்கும். வலப்பக்கம் கோரைக்குள்ளிருந்து 'ட்ர்ர்ர்ர்' என்று ஒரு இழுப்பு. கொஞ்சம் நிறுத்தி, 'த்யூ த்யூ த்யூ'. பைனாகுலரைத் திருப்பினேன். ஒரு கோரைத் தண்டின் நுனிக்குக் குருவி ஏறி வந்தது. காய்ந்த புல்லின் நிறம், முதுகில் கறுப்புக் கோடுகள், உச்சந்தலையில் வகிடு எடுத்ததுபோல் ஒரு மஞ்சள் கோடு. அந்த வகிட்டைப் பார்த்ததும் எனக்கு மூச்சு நின்றே போனது.

பாடுவதோடு ஆணின் வேலை முடிந்தது. கூடு கட்டுவது, அடைகாப்பது, ஊட்டுவது எல்லாம் தாய் மட்டுமே. ஒரே கூட்டுக் குஞ்சுகளுக்கே வெவ்வேறு தகப்பன்கள் இருப்பதுண்டு. சிலந்தியும் பூச்சியும் கொட்டிக் கிடக்கும் இடமாக இருப்பதால்தான் தனியொருத்தியால் இத்தனை வாய்களுக்கு இரை தேட முடிகிறது. கூடு தரையை ஒட்டிக் கோரைத் தூரில் இருக்கும். தண்ணீர் ஏறினால் கூடு மூழ்கும், வற்றினால் இரை குறையும்.

மனிதக் கை படாத காடு என்று நினைத்துத்தான் வந்தேன். அது தவறு. தலைமுறை தலைமுறையாக உழவர்கள் இங்கே நீள அரிவாளால் புல் அறுத்து, குளிரில் சதுப்பு உறைந்ததும் பனிச்சறுக்கு வண்டியில் வைக்கோலை இழுத்துப் போயிருக்கிறார்கள். அது நின்றுபோனதும் வில்லோ புதரும் பிர்ச் மரமும் நாணலும் ஏறிவந்தன. திறந்த கோரை வெளி சுருங்க, குருவியும் ஒதுங்கியது. இப்போது பனிச்சறுக்குத் தளங்களைச் சமன்படுத்தும் அகலப்பட்டை வண்டிகளை மாற்றியமைத்து, குஞ்சுகள் பறந்த பிறகு புல் அறுக்கிறார்கள். அன்று எனக்கு இடப்பக்கம் புதர் மண்டியிருந்தது. அங்கிருந்து ஒரு குரலும் இல்லை. வலப்பக்கத் திறந்தவெளியில் மூன்று ஆண்கள் பாடின.

கோடை முடிந்ததும் இவை எங்கே போகின்றன என்பது நெடுநாள் புதிராக இருந்தது. ஆப்பிரிக்காவில் முளைத்த இறகுகளில் பதிந்த ஐசோடோப்புத் தடயத்தை, அதாவது இடத்துக்கு இடம் மாறும் வேதி அடையாளத்தை, வைத்துத் தேடிப்போய், 2007இல் செனகலின் ஜூஜ் தேசியப் பூங்காவில் கண்டுபிடித்தார்கள்.

அப்புறம், 2018இல் நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பெலருஸின் ஸ்வானெத்ஸ் சதுப்பிலிருந்து 50 குஞ்சுகளை லிதுவேனியாவின் ஜுவின்டாஸ் சதுப்புக்குக் கொண்டுவந்து கையால் ஊட்டி வளர்த்தார்கள். 49 பிழைத்துப் பறந்தன. அடுத்த வசந்தத்தில் அவற்றில் 11 குருவிகள், தாய் காட்டாத வழியில் ஆப்பிரிக்கா போய், வளர்ந்த அதே சதுப்புக்குத் திரும்பி வந்தன.