12 வயதுக்கு 'நைவ்ஸ் அவுட்' காட்டலாமா?

மகள் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அமெரிக்காவில் இந்த 2019 கொலை மர்மப் படத்துக்கு பிஜி-13 சான்று, அதாவது சில காட்சிகள் 13 வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பொருந்தாமல் போகலாம் என்ற எச்சரிக்கை. அவளுக்கோ 12 வயது. அதனால் முதலில் நான் தனியாக ஒருமுறை பார்த்துவிட்டேன்.

ரத்தம் குறைவுதான். ஒரு எழுத்தாளரின் 85வது பிறந்தநாள் விருந்துக்கு மறுநாள் காலை, வீட்டு வேலை பார்க்கும் பெண் காலை உணவுத் தட்டோடு மாடி ஏறுகிறாள். கழுத்தறுபட்டுக் கிடக்கும் அவரைப் பார்த்ததும் கையில் தட்டு தடுமாறுகிறது. நானும் ஒரு நொடி முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அப்புறம் கெட்ட வார்த்தைகள் நிறைய உண்டு. அதெல்லாம் பள்ளி வேனிலேயே கேட்டிருப்பாள், விடுங்கள்.

என்னை யோசிக்க வைத்தது தற்கொலை என்ற பேச்சுதான். போலீஸ் ஆரம்பத்திலேயே அப்படித்தான் சொல்கிறது. மார்ஃபின் என்ற கடும் வலி மருந்து ஊசி விஷயமும் கதையின் நடுமையத்திலேயே இருக்கிறது. இதைப் பற்றி அவளிடம் முன்கூட்டியே பேசிவிட்டுத்தான் படத்தைப் போட்டேன்.

ஆனால் அவளைத் தைத்தது வேறு. எழுத்தாளரைக் கவனித்துக்கொண்ட நர்ஸ் மார்த்தாவை அவர் குடும்பத்தார் "நீயும் எங்கள் குடும்பம்தான்" என்கிறார்கள். அவள் எந்த நாட்டுக்காரி என்று கேட்டால் ஒருவர் ஈக்வடார் என்கிறார், இன்னொருவர் பராகுவே என்கிறார். எழுத்தாளரின் சொத்து என்ற பேச்சு வந்ததும் மார்த்தாவின் அம்மாவிடம் குடியேற்ற ஆவணம் இல்லை என்று சொல்லியே மிரட்டுகிறார்கள்.

"இவங்க எல்லாரும் ஏம்மா இப்படி இருக்காங்க?" என்று மகள் கேட்டாள். படத்தை அங்கேயே நிறுத்திவிட்டு அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

11, 12 வயதுப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். பக்கத்தில் உட்கார்ந்து காட்டுங்கள்.