"இது எந்தக் கட்சி ஊர் சார்?"

தேர்தல் வேலைக்குப் போகும் ஆசிரியர்கள் பெட்டியை இறக்கி வைத்த மாலையே, யாராவது ஒருவர் வந்து "இது இன்ன கட்சி ஊர் சார், இங்க மத்தவங்களுக்கு ஓட்டு விழாது" என்று சொல்லிவிடுவார். ஆண்டிபட்டி பக்கம் இதை நிறையக் கேட்டிருக்கிறேன். அப்படிச் சொல்ல அவர்களுக்குக் காரணமும் இருக்கிறது. 1984-இல் எம்.ஜி.ஆர். அமெரிக்காவில் சிகிச்சையில் இருந்தபடியே வென்ற தொகுதி அது, ஜெயலலிதாவும் 2002 இடைத்தேர்தலிலும் 2006-லும் அங்கேதான் நின்று ஜெயித்தார். ஆனால் பூத்துக்குள் தலைமை அலுவலராக உட்கார்ந்து பார்த்தபிறகு, ஒரு சிற்றூரை இப்படி ஒரே கட்சிக்கு எழுதி வைப்பதை என்னால் நம்ப முடியவில்லை.

2019 ஏப்ரல் 18 அன்று அங்கே ஒரு பேரூராட்சிப் பள்ளியில் இருந்தேன். மக்களவைத் தேர்தலும் சட்டமன்ற இடைத்தேர்தலும் ஒரே நாளில் நடந்ததால் ஒரே அறையில் இரண்டு மறைப்புகள், இரண்டு இயந்திரங்கள். மக்களவைக்கு வெள்ளைத் தாள், சட்டமன்றத்துக்கு இளஞ்சிவப்பு. முதல் மறைப்பில் பட்டனை அழுத்தியதும் நீளமாக ஒரு பீப் வரும், அப்புறம் இரண்டாவது மறைப்புக்குப் போக வேண்டும். பலருக்கு இரண்டு பீப்பும் அடுத்தடுத்து வந்துவிடும். சிலருக்கு இரண்டாவது வரத் தாமதமாகும், அப்போது சுவரோரம் பெஞ்சில் இருக்கும் ஏஜென்ட்கள் எல்லாரும், எந்தக் கட்சியாக இருந்தாலும், வாக்காளர் பட்டியலிலிருந்து தலையை நிமிர்த்தி மறைப்பைப் பார்ப்பார்கள். உள்ளே நிற்பவர் யோசிக்கிறார் என்பது அவர்களுக்குத் தெரியும். யோசிக்கிற ஓட்டு அவர்கள் கணக்கில் வராத ஓட்டு.

முடிவு வந்தபோது தேனி மக்களவைத் தொகுதியை அ.தி.மு.க. வென்றது. அந்தத் தொகுதிக்குள்ளேயே இருக்கும் ஆண்டிபட்டி, பெரியகுளம் இரண்டு சட்டமன்ற இடங்களையும் தி.மு.க. எடுத்தது. ஆண்டிபட்டியில் எதிரெதிரே நின்றவர்கள் அண்ணன் தம்பி, ஆக, குடும்பம் இன்ன கட்சி என்ற பேச்சும் அங்கே செல்லாது. மாநிலம் முழுக்கவே தி.மு.க. கூட்டணி மக்களவையில் 39-இல் 38 இடங்களை அள்ளிய அதே வருடத்தில், 22 சட்டமன்ற இடைத்தேர்தல்களில் 9 அ.தி.மு.க.வுக்குப் போய் அன்றைய மாநில ஆட்சி தப்பியது. ஜனங்கள் டெல்லிக்கு ஒரு கணக்கும் கோட்டைக்கு ஒரு கணக்கும் வைத்திருக்கிறார்கள். படிக்காதவர்கள் சின்னத்தைப் பார்த்துக் குத்திவிட்டுப் போவார்கள் என்று சொல்பவர்கள் ஒருநாள் பூத்தில் வந்து உட்கார வேண்டும்.

உள்ளாட்சி என்றால் கணக்கு இன்னும் மாறும். 2022 பிப்ரவரியில் பேரூராட்சி வார்டுகளுக்குத் தேர்தல் நடந்தபோது வரிசையில் கேட்ட பேச்செல்லாம் சாக்கடை, தெருவிளக்கு, சாவுக்கு முதலில் வந்து நின்றவர் யார் என்பதைப் பற்றித்தான். சொந்தமும் சாதியும் உண்டு, மறைக்க முடியாது. கிராம ஊராட்சித் தலைவர் தேர்தலில் கட்சிச் சின்னமே கிடையாது, அங்கே கட்சிக்காரர்கள் இரண்டு பக்கமும் கலந்து நின்று வேலை பார்ப்பதைச் சாதாரணமாகப் பார்க்கலாம்.

இவ்வளவையும் சொல்ல வந்தது வேறு ஒன்றுக்காக. சாயங்காலம் 'க்ளோஸ்' பட்டனை அழுத்தி, 17சி படிவத்தில் மொத்த ஓட்டை எழுதி, ஏஜென்ட்களுக்கு ஆளுக்கொரு நகல் கையெழுத்துப் போட்டுக் கொடுப்போம். அதில் யாருக்கு எத்தனை என்று இருக்காது. எண்ணிக்கை முடிந்ததும் அதுவும் பூத்வாரியாக வந்துவிடும், படிவம் 20 என்று இணையத்திலேயே கிடைக்கும். சின்ன ஊரில் ஒரு பூத் என்றால் நாலைந்து தெரு, சில நேரம் ஒரே சமுதாயத்து ஜனங்கள். அடுத்த முறை வேறு வேலையாக அந்த ஊருக்குப் போனபோது ஒரு ஏஜென்ட் என்னைப் பார்த்து, "அந்தத் தெரு பூராம் நம்மள ஏமாத்திட்டாங்க சார், இனிமே ரோடு கேட்டு வரட்டும், பாத்துக்கிறேன்" என்றார். கோபத்தில் சொன்னாரோ என்னவோ, ஆனால் எந்தத் தெரு என்று அவருக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது. தனி ஆளின் ஓட்டு ரகசியம்தான், அதை நாங்கள் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றுகிறோம். தெருவின் ஓட்டு அம்பலம்.

ஓட்டுச்சீட்டுக் காலத்தில் பல பூத்துகளின் சீட்டுகளைக் கொட்டிக் கலந்து எண்ண வழி இருந்தது. இயந்திரம் வந்தபிறகு அது போயிற்று. பல இயந்திரங்களின் ஓட்டைச் சேர்த்து ஒரே கூட்டுத்தொகையாகக் காட்டும் டோட்டலைசர் என்ற கருவியைத் தேர்தல் ஆணையமே 2008-இல் முன்மொழிந்தது. சட்ட ஆணையமும் 2015-இல் தன் 255-ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. மத்திய அரசு ஏற்கவில்லை. பூத்வாரியாகத் தெரிந்தால்தான் முறைகேட்டைக் கண்டுபிடிக்க முடியும் என்று எதிர்த்தரப்பில் சொல்கிறார்கள், அந்த வாதத்தில் நியாயம் இல்லாமல் இல்லை, 17சி-யை வைத்து ஒப்பிடுவது எவ்வளவு முக்கியம் என்று எனக்கும் தெரியும். ஆனால் மொத்த ஓட்டைப் பூத்வாரியாக ஒப்பிடலாம், வேட்பாளர் வாரியான எண்ணிக்கையை மட்டும் பத்துப் பன்னிரண்டு பூத்துகளைச் சேர்த்து வெளியிடலாமே. நகரத்தில் இதனால் பெரிய வித்தியாசம் தெரியாது. குழாயும் ரோடும் ஒருவர் தயவில் வரும் சின்ன ஊரில், இரண்டாவது மறைப்புக்குள் நின்று யோசிக்கிறவர்களுக்கு அது பெரிய தைரியம்.