போன் என் கையில், காகிதம் பிள்ளைகள் கையில்

தொடக்கப் பள்ளி நூலகம் என்றதும் தனி அறையையும் நூலகரையும் யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். மயிலாடுதுறை மாவட்டத்தில் நான் வேலை பார்க்கும் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் அது ஒரு பீரோவும், ஜன்னலோரம் கட்டிய ஒரு கயிறும்தான். கயிற்றில் க்ளிப் மாட்டிப் புத்தகங்களைத் தொங்கவிட்டிருக்கிறோம். அரசின் புத்தகப் பூங்கொத்துத் திட்டத்தில் வந்தவை பீரோவில் இருக்கின்றன. வாசிப்பு இயக்கம் வந்தபோது நுழை, நட, ஓடு, பற என்ற படிநிலைகளில் மெல்லிய புத்தகங்கள் சேர்ந்தன. நாலாம், ஐந்தாம் வகுப்புக்கான ஊஞ்சல் இதழ்களும் அடுக்கில் உண்டு. நூலகப் பொறுப்பு ஆசிரியர் என்று ஒருவர் பெயரை எழுத வேண்டும். எங்கள் பள்ளியில் அது என் பெயர்.

இணையக் கருவிகளைப் பற்றிப் பேசும் பலரும், ஒவ்வொரு பிள்ளை கையிலும் ஒரு டேப்லெட் இருப்பதாக எடுத்துக்கொண்டுதான் பேசுகிறார்கள். எங்களிடம் இருப்பது என் போனும், சிக்னல் இருக்கும்போது ஓடுகிற ஒரு டிவியும். ஆகவே எந்தக் கருவியைக் கேள்விப்பட்டாலும், நூலகப் பாடவேளையில் அதைப் பயன்படுத்தினால் பிள்ளையின் கையில் என்ன இருக்கும் என்றுதான் முதலில் பார்ப்பேன். அட்டையோ புத்தகமோ பென்சிலோ இருக்கும் என்றால் எடுத்துக்கொள்வேன். ஒன்றும் இருக்காது, கைகட்டித் திரையைப் பார்க்க வேண்டியதுதான் என்றால் விட்டுவிடுவேன்.

இந்த வகையில் எனக்கு மிகவும் பிடித்துப்போனது பிளிக்கர்ஸ் என்ற செயலி. பிள்ளைகளுக்குப் போனே வேண்டாம். ஆளுக்கு ஓர் அட்டை. அதில் கறுப்பு வெள்ளையில் ஒரு கட்ட வடிவம், நான்கு விளிம்புகளிலும் பொடி எழுத்தில் ஏ, பி, சி, டி. பிள்ளை தன் விடை மேலே வருமாறு அட்டையைத் திருப்பிப் பிடிக்க வேண்டும். நான் போன் கேமராவை ஒரு சுற்றுச் சுற்றினால் யார் என்ன விடை சொன்னார்கள் என்று திரையில் வந்துவிடும். ஒவ்வோர் அட்டையின் வடிவமும் வேறு, எழுத்தும் பொடி. பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துத் திருப்ப முடியாது. ஆங்கில எழுத்தில் தடுமாறும் சின்னவர்களுக்காக, அட்டையின் பின்பக்கம் அதே விளிம்புகளில் அ, ஆ, இ, ஈ என்று ஸ்கெட்ச் பேனாவால் எழுதிவைத்தேன். அட்டையை லேமினேட் செய்ய நினைப்பவர்கள் பளபளப்பில்லாத தாளாகப் பார்த்துச் செய்யுங்கள்; வெளிச்சம் பட்டு மின்னினால் கேமராவுக்குப் பிடிபடாது.

பலர் இதை வினாடி வினாவுக்குத்தான் வைத்திருக்கிறார்கள். நூலகத்தில் நான் சரி, தப்பு என்று விடை உள்ள கேள்விகளைக் குறைவாகத்தான் கேட்கிறேன். கதையைப் பாதியில் நிறுத்திவிட்டு, “இப்ப இந்தப் பையன் வீட்டுக்குத் திரும்பிப் போவானா, அங்கேயே இருப்பானா, பாட்டியைத் தேடிப் போவானா, இல்ல வேற ஏதாவது செய்வானா?” என்று கேட்பேன். அட்டைகள் உயரும். வகுப்பில் வாயே திறக்காத பிள்ளைகள் இருப்பார்கள் அல்லவா, அவர்களும் உயர்த்துவார்கள். ஒருமுறை எல்லாரும் ‘வீட்டுக்குப் போவான்’ என்று பிடித்திருக்க, மூன்றாம் வகுப்பில் ஒரு பிள்ளை மட்டும் ‘வேற ஏதாவது’ என்று பிடித்திருந்தாள். கூப்பிட்டு எல்லார் முன்னாலும் கேட்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, “நீ என்ன நினைச்ச?” என்றேன். “அவங்க வீட்ல அடிப்பாங்கல்ல டீச்சர், அதான் போகமாட்டான்” என்றாள். கதையில் யாரும் யாரையும் அடிக்கவில்லை. அதற்குப் பிறகு அவளோடு நான் பேசியதும், பெரிய டீச்சர் அவள் அம்மாவை வரச்சொல்லிப் பேசியதும் இங்கே எழுத வேண்டியவை அல்ல. ஆனால் கை தூக்கச் சொல்லிக் கேட்டிருந்தால் அவளும் மற்றவர்களோடு சேர்ந்து கை தூக்கியிருப்பாள் என்று உறுதியாகச் சொல்வேன்.

அடுத்தது ஸ்டோரிவீவர். குழந்தைகளுக்கான நூல்களை வெளியிடும் பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய இணையக் கதைத் தளம். தமிழ்க் கதைகள் நிறைய உண்டு, நான்கு வாசிப்பு நிலைகளாகப் பிரித்திருப்பார்கள். டிவியில் போட்டு வாசிக்கலாம், இறக்கி அச்சிடலாம். அதில் நான் பெரிதாக நினைப்பது அதன் உரிமத்தை. கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற திறந்த உரிமத்தில் வந்திருப்பதால், எழுதியவர், வரைந்தவர் பெயரைக் குறிப்பிட்டுவிட்டு அச்சிடலாம், மொழிபெயர்க்கலாம், மாற்றியும் எழுதலாம். ஆசிரியர் குழுக்களில் கடைப் புத்தகங்களை ஸ்கேன் செய்த பிடிஎஃப் சுற்றிக்கொண்டே இருக்கிறது. எழுதினவர் உழைப்பு அது. நூலகப் பொறுப்பில் இருக்கிற நாமே அதைச் செய்யக் கூடாது என்பது என் கருத்து. அனுமதியோடு கிடைப்பவற்றையே படித்து முடிக்க நமக்கு நேரம் போதாது.

அந்தத் தளத்தில் படங்கள் மட்டும் உள்ள ஒரு பகுதி இருக்கிறது. அவற்றை எடுத்து நாமே கதை செய்யலாம். ஒரு படத்தை டிவியில் காட்டிவிட்டுச் சும்மா இருப்பேன். மழையில் ஒரு சிறுமி நடந்துபோகும் படம். “அவ நடவு வயலுக்குச் சோறு எடுத்துட்டுப் போறா” என்றான் ஒருவன். “இல்ல டீச்சர், இது நடவு மழை இல்ல, அறுப்பு நேரத்து மழை. அதான் மூஞ்சி அப்படி இருக்கு” என்றான் இன்னொருவன். டெல்டாப் பிள்ளைக்குத்தான் இந்த வேறுபாடு வரும். அவர்கள் சொல்லச் சொல்ல எழுதி, கறுப்பு வெள்ளையில் ஜெராக்ஸ் எடுத்து, மடித்து ஸ்டேப்ளர் அடித்தோம். முன்பக்கம் கதை சொன்ன வகுப்பின் பெயர், பின்பக்கம் படம் வரைந்தவர் பெயர். அச்சுப் புத்தகங்களோடு அதே கயிற்றில் அதுவும் தொங்குகிறது. புத்தகம் எடுத்த பதிவேட்டைப் பார்த்தால், இப்படி வகுப்பே செய்த புத்தகங்களுக்கு எதிரேதான் பெயர்கள் அதிகம். அண்ணன் செய்த புத்தகத்தை வாங்கிப் போக இரண்டாம் வகுப்புத் தம்பி வந்து நிற்கிறான்.

பீரோவில் யாருமே தொடாத புத்தகங்களும் இருந்தன. அட்டை மங்கலாக இருக்கும், தலைப்பு ஈர்க்காது, ஆனால் உள்ளே நல்ல கதை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் அப்படி ஒன்றைக் கொடுத்து, படித்துவிட்டு அரை நிமிடம் என் போனில் பேசச் சொன்னேன். அந்தக் குரல் பதிவைக் கூகுள் டிரைவில் ஏற்றி, அதன் இணைப்புக்கு ஒரு க்யூஆர் குறியீடு எடுத்து, புத்தகத்தின் பின் அட்டையில் ஒட்டினோம். 2018-இல் இருந்தே பாடப் புத்தகத்தில் க்யூஆர் பார்த்துவருகிறோம் என்பதால் அதைப் பற்றி யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. “கடைசியில அந்தத் தாத்தா என்ன பண்ணுவாருன்னு சொல்ல மாட்டேன், நீங்களே படிங்க” என்று ஒருத்தி பேசிவைத்தாள். எந்தத் தாத்தா என்று கேட்டுக்கொண்டே அந்தப் புத்தகம் கைமாறிக்கொண்டிருக்கிறது. எங்கள் மாவட்டத்துச் சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் வகுத்த ஐந்து நூலக விதிகளில், ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வாசகர் என்பதும் ஒன்று. படித்த பிள்ளையின் குரல் அந்த வாசகரைத் தேடிப் பிடித்துக்கொடுக்கிறது.

ஆனால் இதை வீட்டுப்பாடமாக ஒருபோதும் கொடுப்பதில்லை. சில வீடுகளில் பட்டன் போன்தான். சில வீடுகளில் போன் அப்பாவோடு வேலைக்குப் போய் ராத்திரிதான் திரும்பும். மதிய இடைவேளையில் என் போனை ஸ்பீக்கரோடு ஜன்னலோரம் வைத்துவிடுவேன், கேட்க விரும்புகிறவர்கள் கேட்கலாம்.

வாசிக்கும்போது காது கொடுத்துக் கேட்டு, தவறும் சொல்லைக் காட்டித் தரும் கூகுளின் ரீட் அலாங் செயலியையும் பயன்படுத்தியிருக்கிறேன். 2019-இல் போலோ என்ற பெயரில் வந்ததே பிறகு இந்தப் பெயருக்கு மாறியது. தனியாக, அமைதியான இடத்தில் ஒரு பிள்ளைக்கு நல்லது. வகுப்பு இரைச்சலில் அது குழம்பிவிடுகிறது. மற்ற பிள்ளைகள் வரிசையில் காத்துக்கிடக்கும் நேரத்தில் ஆளுக்கொரு நுழை புத்தகம் படித்து முடித்துவிடலாம்.

குரல் பதிவிலோ கருவிகளின் பட்டியலிலோ பிள்ளைகளின் முழுப் பெயரையும் படத்தையும் நான் சேர்ப்பதில்லை. பிளிக்கர்ஸில் அட்டை எண்ணுக்கு எதிரே ஒரு பூவின் பெயர்தான் இருக்கும்: முல்லை, தாழை, செம்பருத்தி. 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களின் தகவலுக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும் என்கிறது. சட்டம் இருக்கட்டும், பள்ளிக்கூடத்தை நம்பி அனுப்பின பிள்ளையின் முகம் எங்கெங்கோ சுற்றுவதில் எனக்குச் சம்மதம் இல்லை. பெற்றோர் கூட்டத்தில் பதிவுகளைப் போட்டுக் காட்டி, எதற்கு, எங்கே வைக்கிறோம் என்று சொல்லித்தான் கையெழுத்து வாங்கினோம். வேண்டாம் என்ற அம்மாவின் மகன் பேசுவதற்குப் பதிலாக, அட்டையில் நாலு வரி எழுதி ஒட்டுகிறான்.

இப்போது ஒரு வேலை பாக்கி இருக்கிறது. கணக்குகள் எல்லாம் என் சொந்த மின்னஞ்சலில் திறந்தவை. பொது மாறுதல் கலந்தாய்வில் நான் வேறு ஊருக்குப் போய்விட்டால், பின் அட்டைகளில் ஒட்டிய க்யூஆர் எல்லாம் என் டிரைவை நம்பித்தான் இருக்கும். பெரிய டீச்சரிடம் சொல்லிப் பதிவுகளைப் பள்ளி மின்னஞ்சலின் டிரைவுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். இணைப்பு மாறும் என்பதால் குறியீடுகளைப் புதிதாக எடுத்துப் பழையதன் மேல் ஒட்ட வேண்டும். ஒட்டும் பொறுப்பை ஐந்தாம் வகுப்பு எடுத்துக்கொண்டது. எந்தக் கருவியை எப்படித் திறப்பது, அட்டைகள் பீரோவில் எந்தத் தட்டில் இருக்கின்றன என்பதையெல்லாம் புத்தகப் பதிவேட்டின் கடைசிப் பக்கங்களில், அடுத்து வரும் ஆசிரியருக்காக எழுதிக்கொண்டு வருகிறேன்.