கன்ட்ரோல் புழுவே செத்தால்: மாவு வண்டில் இலக்கு மரபணு தேடியபோது

எந்த மரபணுவை முடக்கினால் பூச்சி சாகும் என்று தேடினோம். அதற்கு, அந்த மரபணுவின் வரிசையையே கொண்ட இரட்டை இழை ஆர்.என்.ஏ.வைச் சிவப்பு மாவு வண்டின் புழுக்களில் ஊசியால் செலுத்தினோம்; அது அந்த மரபணுவை முடக்கும். முதல் சுற்றுத் தரவு மொத்தமும் வீண். வண்டில் இல்லாத ஜிஎஃப்பி (பச்சை ஒளிர்புரதம்) மரபணுவின் இரட்டை இழை ஆர்.என்.ஏ.வை ஒப்பீட்டுக்காகச் செலுத்திய கன்ட்ரோல் புழுக்களே கொத்தாகச் செத்தன. அப்படியானால் மற்ற தட்டுகளில் எது மரபணு முடங்கிச் செத்தது, எது குத்துப்பட்டுச் செத்தது?

சிவப்பு மாவு வண்டில் ப்ரைமர் (நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் சிறு டி.என்.ஏ. துண்டு), பிசிஆர் (மரபணுத் துண்டைப் பெருக்கும் முறை) வரை சிக்கலில்லை. ஆர்.என்.ஏ. உருவாக்கும் நொதி தொடங்குமிடமான டி7 வரிசை இரண்டு ப்ரைமரின் 5' முனையிலும் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஒன்றில் விட்டால் ஒற்றை இழைதான் மிஞ்சும்.

வினையெல்லாம் ஊசி நுனியில். ஊசியாகப் பயன்படும் கண்ணாடிக் கேப்பிலரி (நுண்குழாய்) அகலமாக உடைந்தால் உடல்திரவம் கசிந்து குத்திய இடம் கருக்கும்; அந்தப் புழு தேறாது. குறுகலாக உடைந்தால் கரைசல் இறங்காது. எரிச்சலில் அழுத்தத்தைக் கூட்டினால் புழு பலூன்தான். முதுகின் நடுக்கோட்டில் இதயக்குழாய் ஓடுகிறது, சற்றுப் பக்கவாட்டில், வயிற்றுக் கண்டங்களின் இடையே குத்துங்கள். ஒரு மைக்ரோலிட்டருக்கு 1 மைக்ரோகிராம் செறிவில் 200 நானோலிட்டர் போதும். நிரப்புமுன் கரைசலைச் சென்ட்ரிஃபியூஜில் சுழற்றி மேல்பகுதியை மட்டும் எடுத்தால் அடைப்பு குறையும்.

அடுத்த ஏமாற்று செறிவு அளவீடு. 260 நானோமீட்டர் ஒளியை ஆர்.என்.ஏ. எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளந்தால் பிரமாதமான எண் வரும். ஆனால் ஜெல்லில் ஓட்டிப் பார்த்தால் ஆர்.என்.ஏ. பட்டை மங்கலாக இருக்கும். இழையில் சேராமல் மிஞ்சிய நியூக்ளியோடைடுகளும் (ஆர்.என்.ஏ.வின் கட்டுமான அலகுகள்) அதே ஒளியை உறிஞ்சுவதுதான் காரணம். லித்தியம் குளோரைடில் வீழ்படிவாக்கிக் கழுவியபின் வரும் எண்ணையே நம்புங்கள்.

ஐந்தாம் நாளே எண்ணி முடித்தது இன்னொரு பிழை. கைட்டின் சிந்தேஸ் (தோலின் கைட்டினை உருவாக்கும் நொதி) முடங்கிய புழு தோலுரிக்கும் வரை நன்றாகத்தான் திரியும். பிறகு பழைய தோலிலேயே மாட்டிச் சாகும். இரண்டு வாரம் பாருங்கள். மூன்றாம் நாள் சில புழுக்களை எடுத்து, மரபணு வெளிப்பாடு உண்மையிலேயே இறங்கியதா என்று கியூபிசிஆரில் (அளவையும் காட்டும் பிசிஆர்) சோதியுங்கள்.

இரண்டாம் சுற்றில் கன்ட்ரோல் பிழைத்தது, புரோட்டியசோம் (செல்லில் வேண்டாத புரதங்களைச் சிதைக்கும் அமைப்பு) துணையலகை முடக்கிய தட்டு காலியானது. அப்பாடா! ஆனால் புரோட்டியசோம் நம் செல்லிலும் உண்டு. வரிசை பார்த்து வெட்டும் ஆர்.என்.ஏ. தெளிப்புக்கு அது சரிப்படும் (2023-ல் அமெரிக்காவில் பதிவான ஆர்.என்.ஏ. பூச்சிக்கொல்லி லெட்ப்ரோனாவின் இலக்கும் புரோட்டியசோம் துணையலகுதான்). வேதிமருந்துக்கு அதை எடுத்தால் பூச்சியோடு பாலூட்டியும் அடிபடலாம். இரண்டுக்கும் ஒரே பட்டியல் போடாதீர்கள்.

எந்த மரபணுவானாலும், அதன் வரிசையில் முதல் துண்டோடு ஒட்டாத வேறொரு பகுதியின் இரட்டை இழை ஆர்.என்.ஏ.வை மறுபடி செலுத்திப் பாருங்கள்; புழு வேறு மரபணு தவறுதலாக முடங்கிச் செத்ததா என்பது அதில் தெரியும். எங்கள் பட்டியலில் சில அங்கேயே உதிர்ந்தன.