பத்துக்கு ஆறு

ஏப்ரல் 17

மே 31க்குள் காலி செய்ய வேண்டும். ஓனர் அக்கா படியில் நின்றபடியே சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார். உள்ளே வந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

ஏப்ரல் 19

கீழ்வீட்டில் மீன் வாங்கினால் அந்தக் கடுவன் பூனை நம் படியேறி ஒரு சுற்று வந்துவிட்டுப் போகும். இன்று ஹாலுக்குள்ளேயே வந்துவிட்டது. நான் அடுப்படியில் இருந்தேன். என் முயல் வக்கீல் வழக்கம்போல டிவி ஸ்டாண்டுக்கு அடியில் பின்னங்கால்களை நீட்டிப் படுத்திருந்தாள். கடுவன் நிலைப்படியில் உடம்பைத் தரையோடு ஒட்டிப் பதுங்கியது, வால் நுனி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. எனக்குக் கைகால் ஓடவில்லை. கரண்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவதற்குள் அவளே எழுந்து நேராக அதை நோக்கிப் போனாள். தொண்டையிலிருந்து 'உர்ர்' என்று ஒரு சத்தம் (முயலுக்குக் குரலே கிடையாது என்று நினைத்திருந்தேன்), முன்னங்கால்களால் கடுவன் மூக்கில் டப்டப்பென்று இரண்டு அடி. அந்தப் பூனை நாலு கிலோவாவது இருக்கும், இவள் ஒன்றே முக்கால். படியில் உருளாத குறையாக இறங்கி ஓடியது.

அப்புறம் நிலைக்கதவு, செருப்பு ஸ்டாண்டு, என் கால் பெருவிரல் என்று ஒன்று விடாமல் தாடையைத் தேய்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். தாடைக்கு அடியில் வாசனைச் சுரப்பி இருக்கிறது, நம் மூக்குக்குத் தெரியாது. இது என் சொத்து என்று பத்திரம் எழுதுகிற மாதிரிதான். அந்தப் பத்திரத்தில் நானும் இருக்கிறேன்.

ஏப்ரல் 20

அவரிடம் போனில் சொன்னேன். "பூனைக்கு வயசாயிருக்கும்" என்கிறார்.

ஏப்ரல் 23

மூன்று வீடு பார்த்தாச்சு. "நாய் பூனை ஏதாவது இருக்கா?" என்று இரண்டு இடத்தில் கேட்டார்கள், இல்லை என்றேன். பொய் இல்லையே. டேப்பை வைத்து பால்கனியை அளந்ததைப் பார்த்து புரோக்கர், "வாஷிங் மெஷினா மேடம்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன், இது பொய்.

பத்துக்கு ஆறு. பத்தடி நீளம், ஆறடி அகலம், மூன்றடி உயரம். இங்கிலாந்தில் முயல் நலனுக்கென்றே இருக்கும் சங்கம் இரண்டு முயலுக்குக் குறைந்தபட்சம் என்று சொல்லும் கணக்கு, அதுவும் எப்போதாவது திறந்துவிடும் இடம் இல்லை, நாள் முழுக்க இருக்கும் இடம். நான் கடைக்காரர் பேச்சைக் கேட்டு இரண்டடிக்கு ஒன்றரை அடிக் கூண்டு வாங்கி வந்தவள். "முயல் சும்மா உக்காந்துதான் மேடம் இருக்கும்" என்றார். ஆண் என்று சொல்லிப் பெண்ணைக் கொடுத்தவரும் அவர்தான். மூன்று மாதம் கம்பியைக் கடித்துக்கொண்டே இருந்தாள், நானும் என்ன சுறுசுறுப்பு என்று வீடியோ எடுத்து எல்லாருக்கும் அனுப்பினேன். நினைத்தால் என்னையே அறையத் தோன்றுகிறது. ஹாலில் விட்ட முதல் நாள் ஓடிவந்து அந்தரத்தில் எம்பி, தலை ஒரு பக்கம் இடுப்பு ஒரு பக்கம் முறுக்கி விழுந்தாள். வலிப்பு என்று பயந்து அம்மாவைக் கூப்பிட்டேன். சந்தோஷமாம் அது.

ஏப்ரல் 26

வீடு பார்க்க ஆட்கள் வருகிறார்கள் என்று ஓனர் அக்கா சொன்னதால் அவளைப் பழைய கூண்டில் போட்டு மாடிப்படி ஓரம் வைத்தேன். அரை மணி நேரம்தான்.

அதே கடுவன். இரண்டடி தள்ளி உட்கார்ந்து சும்மா பார்த்துக்கொண்டிருந்தது, ஒரு சீறல்கூட இல்லை. உள்ளே இவள் தோசை மாதிரித் தட்டையாகிக் கிடந்தாள், காது முதுகோடு ஒட்டியிருக்க, விழி பிதுங்கி வெள்ளை தெரிந்தது. கையை வைத்தால் இதயம் அடிப்பதை எண்ணவே முடியவில்லை. பயத்திலேயே முயல் செத்துப்போகும் என்று படித்திருக்கிறேன்.

மூக்கில் குத்து விட்டவளும் இவள்தான், குத்து வாங்கிய பூனையும் இதுதான். ஓடித் திரும்ப இடமும், போய் ஒளிய டிவி ஸ்டாண்டும் இருந்ததால்தான் அன்றைக்கு அவளுக்கு அந்தத் தைரியம். யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள்.

மே 1

பெயின்டிங் காசை அட்வான்ஸில் கழித்துக்கொள்வார்களாம். சுவரைக் கடித்தது ஒரே ஒரு மூலையில்தான்.

மே 4

அக்னி நட்சத்திரம். திருவானைக்கோவிலில் மத்தியானம் தெருவில் நாய்கூட இல்லை. தண்ணீர் பாட்டிலை ஃப்ரீசரில் உறையவைத்து, துணி சுற்றி அவள் பக்கத்தில் போட்டேன், அதில் சாய்ந்து தூங்குகிறாள். முயலுக்கு வேர்க்காது, சூடு பெரும்பாலும் காது வழியாகத்தான் போக வேண்டும். அதனால் ஈரக் கையால் காதைத் தடவிவிடுகிறேன். மணிக்கு ஒரு தடவை. எனக்கும் வேறு வேலை ஓடவில்லை.

மே 8

டிவி ஸ்டாண்டு போனது. 900 ரூபாய். இருவரே தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டார்கள்.

மே 9

காலையில் முருங்கைக்கீரையைத் தொடவில்லை. வெயில் என்று விட்டுவிட்டேன். பதினொரு மணிக்கு டிமோத்தி புல்லும் அப்படியே இருந்தது. தட்டில் புழுக்கை ஒன்றுகூட இல்லை. அப்போதுதான் உறைத்தது, ராத்திரியிலிருந்தே இல்லை. முயல் அரை நாள் சாப்பிடாவிட்டால் குடல் நின்றுபோகும், குடல் நின்றால் வாயு ஏறும், வாயு ஏறினால் வலி, வலித்தால் இன்னும் சாப்பிடாது. வாந்தி எடுக்கவும் அதன் உடம்பில் வழி கிடையாது. டிவி ஸ்டாண்டு இருந்த இடத்தில், வெறும் தரையில், முதுகைக் கூனிக்கொண்டு பல்லை நறநறவென்று கடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

முதலில் போன கால்நடை கிளினிக்கில் முயலெல்லாம் பார்ப்பதில்லை என்றார்கள், அந்தப் பையன் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. பக்கத்து மருந்துக்கடையில் நாய்க்கான ஆன்டிபயாட்டிக் சிரப்பை எடுத்து நீட்டினார்கள். வேண்டாம் என்று வந்துவிட்டேன். அமாக்ஸிசிலின் மாதிரி மருந்தை முயலுக்கு வாய்வழியாகக் கொடுத்தால் குடலில் இருக்கும் நல்ல கிருமியெல்லாம் செத்து உயிருக்கே ஆபத்து. ஆட்டோவில் கூடையை மடியில் வைத்துக்கொண்டு, காது சில்லென்று இருக்கிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தபடியே மூன்றாவது இடம் போனோம். அங்கே டாக்டர் வயிற்றை மெதுவாக அமுக்கிப் பார்த்துவிட்டு, அடைப்பு இல்லை என்று சொல்லி, தோலுக்கடியில் திரவமும் குடல் ஓட ஊசியும் போட்டார். "வீட்ல ஏதாவது மாத்தினீங்களாம்மா?" என்று கேட்டார். வெயில்தான் சார் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

இப்போது மணி இரண்டு. புல்தூளைக் கரைத்து ஊசியில்லாத சிரிஞ்சில் கடைவாய் ஓரமாக ஊட்டுகிறேன், பாதி என் நைட்டியில். அட்டைப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்து, வாசல் வெட்டி, ஸ்டாண்டு இருந்த இடத்திலேயே வைத்தேன். உள்ளே போயிருக்கிறாள்.

மே 10

காலை 5.40. நாலு புழுக்கை. மிளகு சைஸ்தான்.

மே 10, மறுபடியும்

பதினேழு!

மே 15

உறையூர் வீடு முடிவாகிவிட்டது. வீட்டுக்காரத் தாத்தா நல்ல மனுஷர், முயல் என்றதும் முகம் மலர்ந்தது. சிக்கல், அவர் நாய் ராமுதான். லாப்ரடார், முப்பது கிலோவுக்குக் குறையாது. "பூ மாதிரிம்மா, எதையும் ஒண்ணும் செய்ய மாட்டான்" என்கிறார், கையோடு ஒரு வீடியோவும் காட்டினார். யாரோ வீட்டு நாய் ஒரு முயலை நக்கிக்கொண்டிருக்கிறது, முயல் அசையாமல் கிடக்கிறது, கீழே இருபது ஹார்ட். நான் அந்த முயலின் கண்ணைத்தான் பார்த்தேன். படிக்கட்டில் பார்த்த அதே கண். தாத்தாவிடம் எப்படிச் சொல்வது? "நல்லா இருக்கு ஐயா" என்றேன்.

மே 18

புது வீட்டு பால்கனி ஏழுக்கு மூன்றரை. கூடவே சின்ன ரூமையும் அவளுக்கே விட்டால் கட்டிலை எங்கே போடுவது? அவர் ஓசூரிலிருந்து மாதம் நாலு நாள்தான் வருகிறார், எனக்குப் பாய் போதும். அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

மே 22

ராத்திரி 2.10க்கு பின்னங்காலால் தரையில் ஒரே அறை. மறுபடி ஒன்று. லைட் போட்டால் ஜன்னல் பக்கம் பார்த்து நிற்கிறாள். வெளியே ஒன்றும் இல்லை, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டேன். காட்டில் மற்ற முயல்களை உஷார்ப்படுத்த அடிப்பார்கள். இங்கே உஷாராக நான் ஒருத்திதான். விடியும்வரை தூங்கவில்லை.

மே 26

பெட்டி கட்டுகிறேன். கட்டி முடித்த ஒவ்வொரு பெட்டியிலும் தாடைத் தேய்ப்பு. பாத்திரம், புடவை, அம்மா போட்டோ எல்லாம் இப்போது அவள் பெயரில்.

மே 27

தாத்தா போன் செய்தார். அறிமுகப்படுத்தி வைக்கலாம் என்று ராமுவைக் குளிப்பாட்டி வைத்திருக்கிறாராம். முதல் ஒரு வாரம் கதவு சாத்தியே இருக்கட்டும், வாசனை மட்டும் பழகட்டும் என்று எப்படியோ சொல்லிவிட்டேன். சரிம்மா என்றார், குரல் இறங்கிவிட்டது. பாவம்.

மே 29

டெம்போ நாளைக் காலை ஆறு மணிக்கு, வெயிலுக்கு முன்னால் போய்விட வேண்டும். ஐஸ் பாட்டில் மூன்று. டிமோத்தி பை என் கையில்தான், மூட்டையோடு போகக்கூடாது. ஓட்டை அட்டைப்பெட்டியை மடிக்க வேண்டாம் என்று லோடு அண்ணனிடம் சொல்ல வேண்டும். கடுவன் படியில் வந்து உட்கார்ந்திருக்கிறது, இன்றைக்கு மீன்கூட இல்லையே