படகில் முதலுதவி: தெரிந்திருக்க வேண்டியவை

வணிகக் கப்பலில் வேலைக்குச் சேரும் மாலுமி முதலுதவிப் பயிற்சி முடித்திருக்க வேண்டும் என்கிறது எஸ்.டி.சி.டபிள்யூ என்ற பன்னாட்டு உடன்படிக்கை. அந்த உடன்படிக்கை மீன்பிடிப் படகுகளுக்குப் பொருந்தாது. கன்னியாகுமரி மாவட்டத்தின் தூத்தூர், சின்னத்துறை ஊர்களிலிருந்து வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கித் தொழில் செய்பவர்களுக்குத்தான் அந்தப் பயிற்சி அதிகம் தேவை. அங்கே அடிபட்டவனுக்கு முதல் மருத்துவர், பக்கத்தில் வலை இழுத்துக்கொண்டிருப்பவர்தான்.

கடலில் விழுந்து மூச்சில்லாமல் தூக்கப்பட்டவரைத் தலைகீழாகப் பிடிப்பது, வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது என்ற பழக்கம் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள். வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போய்விடும். பொன்னான நிமிடங்களும் போய்விடும். அவருக்கு இல்லாதது காற்று. மல்லாக்கப் படுக்கவைத்து, நெற்றியைப் பின்னால் சாய்த்து, தாடையை உயர்த்தி, மூக்கைப் பொத்தி, வாயோடு வாய் வைத்து முதலில் 5 முறை ஊதுங்கள். ஒவ்வொரு முறையும் நெஞ்சு எழும்ப வேண்டும். எழும்பவில்லையென்றால் தலை சரியாகச் சாயவில்லை. அதன்பிறகும் அசைவு இல்லையென்றால் நெஞ்சின் நடுவில் 30 அழுத்து, 2 ஊது, மறுபடி 30. அழுத்தம் 5 முதல் 6 சென்டிமீட்டர் இறங்க வேண்டும். வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120. மெத்தையில் கிடத்தினால் அழுத்தம் மெத்தைக்குத்தான் போகும், டெக் பலகையே நல்லது. வாயில் நுரை வந்துகொண்டே இருக்கும், அதைத் துடைத்துக்கொண்டு நிற்காதீர்கள். 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுங்கள். களைத்த கை ஆழமாக அழுத்தாது. எழுந்து உட்கார்ந்து பேசினாலும் கரைக்குக் கொண்டுபோக வேண்டும், சில மணி நேரம் கழித்தும் மூச்சுத் திணறலாம்.

அடுத்தது வின்ச், அதாவது கயிற்றை இழுத்துச் சுற்றும் இயந்திரம். கயிற்றுக்கும் டிரம்முக்கும் இடையில் கை சிக்கினால் முதலில் வின்ச்சை நிறுத்துங்கள். சுத்தமான துணியைக் காயத்தின்மேல் வைத்து 10 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நின்றுவிட்டதா என்று நடுவில் தூக்கிப் பார்த்தால் உறைந்த ரத்தம் பிய்ந்துவிடும். ரத்தம் பீறிட்டு, அழுத்தியும் நிற்காவிட்டால் மட்டும் கட்டு. காயத்துக்கு 5 முதல் 8 சென்டிமீட்டர் மேலே, மூட்டைத் தவிர்த்து, நான்கு விரற்கடை அகலத் துணியைச் சுற்றி, ஸ்பேனரைச் செருகி, ரத்தம் நிற்கும்வரை முறுக்குங்கள். தூண்டில் நரம்போ மெல்லிய கயிறோ சதையை அறுத்துவிடும். கட்டிய நேரத்தை உடம்பிலேயே பேனாவால் எழுதுங்கள். பாவம், வலிக்கிறதே என்று தளர்த்தக் கூடாது.

துண்டான விரலை நேராக ஐஸில் போட்டால் திசு செத்துவிடும். ஈரத்துணியில் சுற்றி, தண்ணீர் புகாத பிளாஸ்டிக் பையில் கட்டி, அந்தப் பையை ஐஸ்மேல் வையுங்கள்.

மீன் அழுகிய அறையில் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு தங்கும். முதலில் அழுகல் முட்டை நாற்றம் வரும், வாயு கூடக்கூட மூக்கு மரத்து நாற்றமே தெரியாது. அதனால் நாற்றம் போய்விட்டது என்று நம்பி இறங்காதீர்கள். உள்ளே ஒருவர் சரிந்தால், அவரைத் தூக்க இறங்கும் இரண்டாவது ஆளும் அங்கேயே விழுவார். அறைக்குள் போகும் முன்பே மூடியைத் திறந்து காற்றோட விடுங்கள்; இறங்குபவர் இடுப்பில் கயிறு இருக்கட்டும், மேலே ஒருவர் அதைப் பிடித்திருக்கட்டும்.

திருக்கை முள், கெளிறு முள் குத்தினால் கை பொறுக்கும் சூட்டில், ஏறத்தாழ 45 டிகிரி வெந்நீரில், 30 முதல் 90 நிமிடம் முக்கிவையுங்கள், வலி அடங்கும். சூட்டைக் குத்தாத கையால் பாருங்கள், குத்திய கைக்குச் சூடு சரியாகத் தெரியாது. நெஞ்சிலோ வயிற்றிலோ முள் ஏறியிருந்தால் பிடுங்கக் கூடாது. சொறி (ஜெல்லி மீன்) பட்ட இடத்தை நல்ல தண்ணீரிலோ மணலாலோ தேய்க்காமல் கடல்நீரால் கழுவுங்கள்.

உதவி கேட்க வயர்லெஸில் 16-ஆம் சேனல், போனில் கடலோரக் காவல்படையின் 1554. இருக்கும் இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையை முதலில் சொல்லுங்கள். தொடர்பு அறுந்தாலும் அவர்கள் தேடி வரலாம். பிறகு வயது, நினைவு இருக்கிறதா, நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, என்ன நடந்தது, என்ன செய்தீர்கள்.